எந்தப் பொறியை வாங்குவது? பம்பாயில் ஒரு பழைய கேள்வி



செம்பூரில் வாழும் என் அக்காள் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினான். பரிசாக அவன் கேட்டது கைக்கடிகாரமும் அன்று, மிதிவண்டியும் அன்று, ஒரு கணிப்பொறி. அதில் விளையாடவும் வேண்டும், நிகழ்படம் தொகுக்கவும் வேண்டும், இசை கோக்கவும் வேண்டுமாம். ஆப்பிள் நிறுவனத்தாரின் மாக் பொறியை வாங்குவதா, விண்டோஸ் தளத்தில் இயங்கும் பொறியை வாங்குவதா, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் தளத்தை நம்புவதா என்று திகைத்து, "மாமா, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார், சொல்லுங்கள்" என்று என்னிடம் வந்து நின்றான்.

நான் கலை படித்துப் பட்டம் பெற்றவன்; மொழிபெயர்ப்பு என் தொழில். பொறியின் உள்ளுறுப்புக்களைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும் அவனுடைய கேள்வி புதிதன்று என்பதை மட்டும் அறிவேன். 1995 வரையில் பம்பாய் என்று வழங்கிய இம்மாநகரில், அவன் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பேரறிஞர்கள் இதே கேள்வியை எழுப்பி, இரவு பகலாக விடை தேடியிருக்கிறார்கள். அவர்களுள் முன்னின்றவர் ஒரு தமிழர். ஆகையால் அவனுக்குச் சொன்ன வரலாற்றையே உங்களுக்கும் சொல்லலாம் என்று கருதுகிறேன்.

இந்திய நாட்டில் முதன்முதலாக ஒரு மின்னணுக் கணிப்பொறி வந்திறங்கியது பம்பாயில் அன்று, கல்கத்தாவில். பேராசிரியர் மகலனோபிஸ் நடத்திவந்த இந்தியப் புள்ளியியல் நிலையம் 1955-இல் பிரிட்டனிலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் பொறியை விலைக்கு வாங்கியது. சில ஆண்டுகளில் சோவியத் நாட்டின் 'யூரல்' பொறியும் அங்கே வந்து சேர்ந்தது. புள்ளியியலாருக்கு வேண்டியது கணக்கு. கணக்கைப் போடும் பொறி எவர் செய்ததாயினும் அவர்களுக்கு ஒன்றே. வாங்குவோம், வேலையைத் தொடங்குவோம் என்பது அவர்கள் முடிவு.

பம்பாயில் டாக்டர் ஹோமி பாபா நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் வேறு வழியில் சென்றது. பொறியை நாமே கட்டுவோம் என்று அங்கே துணிந்தார்கள். சென்னையில் 1926-ஆம் ஆண்டு பிறந்து, கிண்டியில் பொறியியல் பயின்று, அமெரிக்கா சென்று கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ரங்கசாமி நரசிம்மன் 1954-இல் அந்நிலையத்தில் சேர்ந்தார். அவரும் அவருடன் இருந்த இளைஞர் சிலரும் கணிப்பொறி ஒன்றை அதற்கு முன் கட்டியவர்கள் அல்லர். புத்தகங்களையும் ஆராய்ச்சி அறிக்கைகளையும் படித்தே ஒரு மாதிரிப் பொறியைச் செய்தார்கள். 1956-ஆம் ஆண்டின் இறுதியில் அது இயங்கியது. அதன்மேல் துணிவு பிறந்து முழுப் பொறியைக் கட்டத் தொடங்கி, 1960-இல் முடித்தார்கள். 1962 ஜனவரியில் கொலாபாவில் நிலையத்தின் புதிய கட்டிடங்களைத் திறந்து வைத்த பிரதமர் நேரு, அப்பொறிக்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

அப்பொறியைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற விரும்புகிறேன். 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானிய டையோடுகள், 12,500 மின்தடைகள். வால்வு என்றால், நம் பாட்டன்மார் வீட்டு வானொலிப் பெட்டியில் சூடேறிச் செந்நிறமாக ஒளிர்ந்ததே, அதே வால்வுதான். வானொலியில் ஐந்தாறு இருக்கும். இங்கே இரண்டாயிரத்து எழுநூறு. ஓரறை முழுவதும் அடைத்து நின்ற அப்பொறியின் நினைவகம், வளர்ந்த நிலையில், நாற்பது இருமக்குறிகள் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய அளவையில் பத்துக் கிலோபைட்டுக்குச் சற்று மேல். என் அக்காள் மகனின் கைப்பேசியில் உள்ள ஒரு புகைப்படத்தில் நூற்றில் ஒரு பங்கும் அதில் அடங்காது.

ஆனால் டிஃப்ராக்கில் ஒரு சிறப்பு இருந்தது. பெரும்பாலான பொறிகள் தாளில் எண்களை மட்டும் அச்சிட்டுக் கொடுத்த காலத்தில், அதனோடு ஒரு கதிர்க்குழல் திரையும் இணைக்கப்பட்டிருந்தது. வளைகோடுகளையும் எழுத்துக்களையும் அத்திரையில் காணலாம். அதே 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், பி.டி.பி.-1 என்னும் பொறியின் திரையில், ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் விளையாட்டு அது. இன்றைய கணிப்பொறி விளையாட்டுக்களின் மூதாதை என்று அதனைக் கூறுவர். கொலாபாவில் திரை இருந்தது, விளையாட்டு இல்லை. பொறி நேரத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அறிவியல் கணக்குகள் வரிசையில் காத்து நின்றன. ஏழை நாட்டில் பொறி விளையாடுவதற்கு அன்று என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். அது என் ஊகம்.

டிஃப்ராக்கின் புகழ் நெடுங்காலம் நீடிக்கவில்லை. கட்டி முடிப்பதற்குள் உலகம் வால்வை விட்டு டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. 1964-இல் அதே நிலையம், அமெரிக்காவின் கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தாரிடமிருந்து சி.டி.சி. 3600 என்னும் பெரும் பொறியை வரவழைத்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் தம் கணக்குகளை எடுத்துக்கொண்டு கொலாபாவுக்கு வந்தார்கள். டிஃப்ராக்குக்காக எழுதிய கட்டளைத் தொடர்கள் புதிய பொறிக்குப் புரியா. எல்லாவற்றையும் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. தளம் மாறினால் உழைப்பு வீணாகும் என்ற பாடத்தைப் பம்பாய் அவ்வாறு முதன்முதலாகக் கற்றது. எனினும் பத்தாண்டு உழைப்பும் பாழ் என்று எவரும் சொல்லத் துணியார். பொறியைக் கட்டிய கைகள் பொறியை அறிந்த கைகளாயின; பின்னாளில் இந்நகரில் கணிப்பொறித் துறையை வளர்த்தவர் பலர் அக்கூடத்தில் பயின்றவர்களே.

நரசிம்மன் பின்னர் ஈடுபட்ட ஆராய்ச்சி, அக்காள் மகனின் ஓவிய ஆசைக்கு மிக நெருங்கியது. மொழிக்கு இலக்கணம் இருப்பதைப் போலப் படத்துக்கும் இலக்கணம் உண்டா என்று அவர் ஆராய்ந்தார். ஒரு படத்தை அதன் கோடுகளும் சந்திகளுமாகப் பகுத்து, அவை இணையும் விதிகளைக் கூறினால், பொறியானது படத்தை 'வாசிக்க' முடியும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கை வளர்ந்த வேறொரு கிளை நம் வாசற்படிக்கே வந்தது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல், நம் பெண்கள் புள்ளி வைத்துப் போடும் கோலத்துக்கு அணி இலக்கணம் வகுத்து, அனைத்துலக ஆராய்ச்சி இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். மாதுங்காவில் இன்றும் விடியற்காலையில் சில வாசல்களில் மாக்கோலத்தைக் காணலாம். அதை இழைக்கும் அம்மையார், தாம் ஒரு முறைப்படியான மொழியில் எழுதுவதாக அறியமாட்டார். அறியாமல் இருப்பதே அழகு என்பேன்.

இடைப்பட்ட காலத்தை விரைவாகக் கடந்து செல்லலாம். போவாயில் சோவியத் துணையுடன் தோன்றிய தொழில்நுட்பக் கழகத்துக்கு 'மின்ஸ்க்-2' வந்தது. அமெரிக்கத் துணை பெற்ற கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 வந்தது. எந்த நாடு நட்புக் கொண்டதோ அந்த நாட்டின் பொறி. 1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1984 நவம்பரில் புதிய கணிப்பொறிக் கொள்கை வகுக்கப்பட்டு, இறக்குமதிக் கட்டுகள் தளர்ந்தன. அதுவரையில் வீட்டுக்கு ஒரு கணிப்பொறி என்பது நம்மவர் கனவிலும் இல்லை.

அயல்நாடுகளிலோ அந்த எண்பதுகளில்தான் இன்றைய கேள்வி உருவெடுத்தது. 1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் மாக்கின்டாஷை வெளியிட்டது. விலை 2,495 டாலர். மறு ஆண்டு பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளும் லேசர் அச்சுப்பொறியும் அதனோடு சேர்ந்தவுடன், அச்சுக்கூடமே மேசைமேல் ஏறிவிட்டது. 1990-இல் ஃபோட்டோஷாப் வந்தபோது, அதுவும் முதலில் மாக்கின்டாஷுக்கே வந்தது. கலைஞர்கள் அப்பக்கம் சாய்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1985-இல் வந்த அட்டாரி எஸ்.டி. பொறி, இசைக்கருவிகளை இணைக்கும் 'மிடி' வாயில்களோடு பிறந்தமையால் இசைவாணர் பலர் அதனைக் கைக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் ஒருங்கே செய்யவல்ல பொறி ஒன்றும் அதே 1985-இல் தோன்றியது. அமிகா என்பது அதன் பெயர். நியூயார்க்கில் நடந்த வெளியீட்டு விழாவில், ஓவியர் ஆண்டி வார்ஹால் மேடையில் அமர்ந்து, அப்பொறியில் ஒரு பாடகியின் உருவத்தை வண்ணத்தில் தீட்டிக் காட்டினார். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு வண்ணங்கள், இனிய ஒலி, விளையாட்டுக்களோ எண்ணிறந்தன. விலை மாக்கின்டாஷின் ஏறத்தாழப் பாதி. என் அக்காள் மகன் அக்காலத்தில் பிறந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அமிகாவையே வாங்கியிருப்பான். ஆனால் அதைச் செய்த கமடோர் நிறுவனம் 1994 ஏப்ரலில் நொடித்துப் போயிற்று. பொறியின் தகுதியும் அதைச் செய்யும் வணிகனின் ஆயுளும் இருவேறு பொருள்கள் என்பதை அதனை வாங்கியவர்கள் வருத்தத்துடன் கற்றார்கள்.

விளையாட்டுக்கு இறுதியில் வெற்றி பெற்றது, அழகில்லாத ஐ.பி.எம். வகைப் பொறி. 1981-இல் பிறந்த அப்பொறியை எவரும் நகல் செய்யலாம் என்றாயிற்று. உறுப்புக்களை ஆங்காங்கே வாங்கி ஒன்றுசேர்க்கலாம். பழுதானால் அவ்வுறுப்பை மட்டும் மாற்றலாம். 1993-இல் 'டூம்' என்னும் விளையாட்டு அதில் வந்து இளைஞரைக் கவர்ந்தது. 1995-இல் விண்டோஸும் அதனுடன் 'டைரக்ட்எக்ஸ்' என்னும் இணைப்பும் வந்தபின், விளையாட்டு எழுதுவோர் தம் பார்வையை அப்பக்கமே திருப்பினர். 1999-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை நோக்குங்கள். அவ்வாண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனத்தின் மேடையில், ஸ்டீவ் ஜாப்ஸ் தாமே 'ஹேலோ' என்னும் புதிய விளையாட்டை உலகுக்கு அறிமுகம் செய்தார். அடுத்த ஆண்டே அதை எழுதிய பங்கி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிவிட்டது. 2001 நவம்பரில் 'ஹேலோ' மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் வெளிவந்தது. மாக் வைத்திருந்தவர் இரண்டாண்டு காத்திருந்தார்கள். மறுபக்கமும் இதே கதைதான். இசை கோக்கும் 'லாஜிக்' என்னும் மென்பொருளை 2002-இல் ஆப்பிள் வாங்கியது. விண்டோஸில் அதைப் பயன்படுத்திய இசைவாணர் ஒரே நாளில் ஆதரவற்றோராயினர்.

உறுப்புக்களை ஆங்காங்கே வாங்கிச் சேர்க்கலாம் என்றேன். இந்நகரில் அந்த 'ஆங்காங்கே' என்பதன் முகவரி லாமிங்டன் சாலை. கிரான்ட் ரோடு நிலையத்தின் அருகில் உள்ள அச்சாலை, நூறாண்டுக்கு முன் பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரால் அமைந்தது. இப்பொழுது டாக்டர் பட்கம்கர் மார்க் என்பது அதன் முறையான பெயர், வழக்கில் பழைய பெயரே. சென்னையில் ரிச்சித் தெரு எப்படியோ, தில்லியில் நேரு பிளேஸ் எப்படியோ, பெங்களூரில் எஸ்.பி. சாலை எப்படியோ, அப்படி இங்கே லாமிங்டன் சாலை. இவ்வானொலிப் பேச்சைக் கேட்கும் நேயர் எந்நகரில் இருந்தாலும் அவர் நகரத்திலும் இப்படி ஒரு தெரு இருக்கும். அத்தெருதான் நம் போன்ற குடும்பங்களுக்கு 'எந்தத் தளம்' என்ற கேள்விக்கு நெடுநாள் விடை கூறிவந்தது. கையில் உள்ள பணத்துக்கு ஏற்ற பொறியை அங்கே ஒன்றுசேர்த்துக் கொடுத்தார்கள். ஆகவே அது விண்டோஸாக இருந்தது. அவ்வளவே.

இனி நான் கண்ணாரக் கண்டதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் இறுதியில், என் கல்லூரி விடுமுறைகளில், தாராவித் தொண்ணூறடிச் சாலையில் எங்கள் அத்தான் நடத்திவந்த சிறிய டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்து கைச்செலவுக்குப் பணம் ஈட்டினேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த அப்பகுதியில், திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பு, அம்மன் கோயில் கொடைக்கான நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று தமிழ் வேலை ஓயாது. லாமிங்டன் சாலையில் ஒன்றுசேர்த்த விண்டோஸ் பொறி ஒன்று, அதில் பேஜ்மேக்கர், ஒரு லேசர் அச்சுப்பொறி. இவ்வளவே கடை.

அக்காலத் தமிழ் எழுத்துருக்களின் இயல்பை இன்றைய இளைஞர் அறியார். பொறிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தி வைத்திருந்தார்கள். 'கொ' என்று எழுத வேண்டுமானால், முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்ட வேண்டும். அந்த எழுத்துரு இருக்கும் பொறியில் அது 'கொ'. இல்லாத பொறியில் மூன்று பொருளற்ற ஆங்கிலக் குறிகள். ஒவ்வொரு வணிகரும் தத்தம் விருப்பப்படி போர்வை தைத்தமையால், ஒரு கடைத் தமிழ் மற்றொரு கடைக்குப் புரியாது.

ஒரு முறை மாதுங்காவில் ஒரு சபையார் தம் இசை விழாவுக்கு மலர் வெளியிட்டார்கள். தமிழ்ப் பகுதியை நாங்கள் அச்சுக்கோத்தோம். அட்டையும் பக்க அமைப்பும் கோட்டைப் பகுதியில் ஒரு விளம்பர நிறுவனத்தில். அங்கே எல்லாம் மாக்கின்டாஷ். நான் பிளாப்பித் தட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறிச் சென்றேன். குளிரூட்டிய அறையில், அழகிய பெரிய திரையில், எங்கள் கட்டுரைகள் திறந்தன. தியாகையரும் தீட்சிதரும் காற்புள்ளிகளாகவும் டாலர்க் குறிகளாகவும் காட்சியளித்தார்கள். எங்கள் எழுத்துருவுக்கு மாக் வடிவம் கிடையாது. விழாவுக்கு நான்கு நாட்களே இருந்தன. இறுதியில் தாராவிக்குத் திரும்பி எல்லாப் பக்கங்களையும் தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றேன். அவர்கள் அத்தாள்களை ஸ்கேன் செய்து, படங்களாகவே ஒட்டினார்கள். பிழை ஒன்று திருத்த வேண்டுமாயின் மீண்டும் தாராவிக்கு ஓட வேண்டும். மூன்று முறை ஓடினேன். அட்டைப் படம் மட்டும் கண்ணைப் பறித்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்கப் பலரும் முயன்றார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் 99 மாநாடு, தமிழ் 99 விசைப்பலகையையும் பொதுக் குறிமுறைகளையும் முன்வைத்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக எழுந்த யூனிகோடு குறிமுறையில் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் பொறிகள் அதைக் காட்ட வேண்டுமே! 2000-இல் வந்த விண்டோஸ் 2000-தான் அவ்வாறு காட்டியது. அதில் இருந்த தமிழ் எழுத்துருவின் பெயர் 'லதா'. அதை வடித்தது இந்நகரம் என்பதை நம்மவர் பலர் அறியார். டாடா நிலையத்தில் நரசிம்மனின் கீழ்ப் பணியாற்றிய எஸ். ரமணி 1985 முதல் தலைமை தாங்கி வளர்த்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஜூஹுவில் இருந்தது. 2003-இல் அது சி-டாக் நிறுவனத்துடன் இணைந்தது. போவாய்க் கழகத்தில் எழுத்துக் கலை கற்பித்து ஓய்வு பெற்ற ரகுநாத் கிருஷ்ண ஜோஷி என்னும் மராத்தியக் கலைஞர், அம்மையத்தோடு தொடர்பு கொண்டு, 'மங்கள்' என்னும் தேவநாகரி எழுத்துருவையும் 'லதா'வையும் இவை போன்ற பிற இந்திய எழுத்துருக்களையும் தம் தலைமையில் உருவாக்கினார். தமிழ் தாய்மொழியல்லாத ஒருவரின் மேற்பார்வையில் பிறந்த எழுத்தில்தான், பல ஆண்டுகள் நாம் கடிதம் எழுதினோம், ஆணைகளை மொழிபெயர்த்தோம். 'லதா' அழகியதா என்றால், தலைப்புக்கு ஆகாது என்பேன். ஆனால் எப்பொறியிலும் கொம்பு தன் இடத்தில் நின்றது.

மாக் பொறிக்கு 2005-இல் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் 'இணைமதி' எழுத்துரு வந்து சேர்ந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. தொழில்முறைப் பக்க அமைப்பில் மட்டும் தாமதம் நீடித்தது. பேஜ்மேக்கருக்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருள், இந்திய எழுத்துக்களைச் செவ்வனே கோக்கக் கற்றது 2012-இல்தான். ஆகையால், தமிழில் படைப்பு வேலை செய்பவனுக்கு எத்தளம் சிறந்தது என்ற கேள்விக்கு, ஆண்டைக் கேட்காமல் விடை சொல்லுதல் இயலாது. 2001-இல் விண்டோஸ், 2006-க்குப் பின் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

அக்காள் மகன் இங்கே குறுக்கிட்டு, "மாமா, இசைக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றான். அவன் தாராவிப் பாட்டு இளைஞர்களின் அன்பன். 2018-இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'காலா' திரைப்படத்தில், தாராவியைச் சேர்ந்த 'டோப்அடெலிக்ஸ்' குழுவினர் சந்தோஷ் நாராயணனின் இசையில் தமிழில் பாடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். இவ்வகை இசையைத் தொடங்கும் இளைஞர் பலர் நாடும் 'எஃப்.எல். ஸ்டூடியோ' என்னும் பெல்ஜிய நாட்டு மென்பொருள் இருபது ஆண்டுக்காலம் விண்டோஸுக்கு மட்டுமே இருந்தது. மாக் பொறிக்கு அது வந்ததும் அதே 2018-இல்தான். மென்பொருள் இலவசமாக வேண்டுமாயின், 2002 முதல் எவர்க்கும் திறந்துவிடப்பட்ட பிளெண்டர், மூன்று தளங்களிலும் ஓடும். ஆகவே இசையையும் ஓவியத்தையும் மட்டும் கருதினால், இன்று தளம் ஒரு பெரும் தடையன்று.

விளையாட்டைக் கருதினால் நிலைமை வேறு. 2006-இல் ஆப்பிள் தன் பொறியில் இன்டெல் நிறுவனத்தின் செயலியை வைத்து, வேண்டுமாயின் அதிலேயே விண்டோஸையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று வழிவிட்டது. படைப்புக்கு ஒரு தளம், விளையாட்டுக்கு மற்றொன்று, பொறி ஒன்றே என்று பலர் மகிழ்ந்தார்கள். 2019-இல் பழைய முப்பத்திரண்டு இருமக்குறி மென்பொருள்களை ஆப்பிள் கைவிட்டபோது, பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கள் பல ஓரிரவில் ஓய்ந்தன. 2020 நவம்பரில் தன் சொந்தச் செயலிக்கு அது மாறியது. வேகமும் மின்சிக்கனமும் வியக்கத்தக்கன, ஆனால் முந்திய இரட்டை ஏற்பாடு புதிய பொறிகளில் போயிற்று. ஸ்டீம் என்னும் விளையாட்டு அங்காடியில் நுழைவோருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் விண்டோஸ் உடையவர்கள். விண்டோஸும் குற்றமற்றதன்று. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்குரிய ஆதரவு முடிந்தது. நன்றாக இயங்கும் எத்தனையோ பொறிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை என்று தள்ளப்பட்டன. அக்காள் வீட்டுப் பழைய பொறி அவற்றுள் ஒன்று.

நம் நாட்டார் விளையாட்டை ஆடுவதோடு நில்லாமல் எழுதவும் தொடங்கிவிட்டனர். புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் நிறுவனத்தார் எழுதிய 'ராஜி' என்னும் விளையாட்டு 2020 ஆகஸ்டில் முதலில் ஜப்பானிய நிண்டெண்டோவின் கைப்பெட்டிக்கும், சில வாரங்கள் கழித்துக் கணிப்பொறிக்கும் வந்தது. பணமில்லாதார்க்குக் கைப்பேசியே தளம். பப்ஜி விளையாட்டு 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டபோது தாராவிச் சந்துகளில் நிலவிய துக்கத்தை நான் அறிவேன்; அடுத்த ஆண்டு அது வேறு பெயரில் திரும்பியதும் துக்கம் தீர்ந்தது.

2023 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் இந்தியாவில் தன் முதற் கடையைப் பாந்த்ரா குர்லா வளாகத்தில் திறந்தது. மித்தி ஆற்றுக்கு அக்கரையில் அக்கடை; இக்கரையில் தாராவி. அக்காள் மகனை முதலில் அங்கே அழைத்துச் சென்றேன். கண்ணாடிச் சுவரும் மரக்கூரையும் கொண்ட அம்மாளிகையில், ஒரு மணி நேரம் பொறிகளைத் தொட்டும் வருடியும் நின்றான்; எவரும் விரட்டவில்லை. வெளியே வந்து, "படம் தொகுக்க இதைவிட நல்லது இல்லை, மாமா. ஆனால் என் விளையாட்டுக்களில் பாதி இதில் வராது. நினைவகம் போதவில்லை என்றால் பின்னால் சேர்க்கவும் முடியாது" என்றான். மறு சனிக்கிழமை லாமிங்டன் சாலைக்குச் சென்றோம். பெட்டியும் செயலியும் வரைகலை அட்டையும் தனித்தனியே பேரம் பேசி வாங்கினான். நினைவகத்துக்கு இரண்டு இடங்களைக் காலியாக விடச் சொன்னான். அவன் தகப்பனார் விலைச்சீட்டை இருமுறை கூட்டிப் பார்த்தார்.

பொறி வீட்டுக்கு வந்த அன்றிரவு விளையாட்டுத்தான் நடந்தது. மறுநாள் அத்தான், அதாவது அந்தத் தொண்ணூறடிச் சாலைக் கடைக்காரர், பின்னர் என் அக்காளை மணந்தவர், பரணிலிருந்து ஒரு குறுந்தட்டு உறையை எடுத்துவந்தார். கடையை மூடிய நாளில் பதிந்து வைத்தவை. பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க அப்பொறியில் வழியில்லை. ஆனால் தட்டச்சு செய்த மூல வரிகள் தனியே இருந்தன, எல்லாம் ஆங்கிலக் குறிகளாக. பையன் எங்கோ தேடி ஒரு குறிமாற்றியைக் கண்டுபிடித்தான். முதல் முறை எழுத்துரு வகையைத் தவறாகக் கொடுத்தமையால் மேலும் குழம்பியது. இரண்டாம் முறை மெல்ல மெல்லத் தமிழ் வந்தது. கொம்புகள் சில மட்டும் அடுத்த எழுத்துக்குத் தாவி நின்றன. அது அவன் பெற்றோரின் திருமண அழைப்பிதழ். 2003-இல் அத்தான் தம் கையாலேயே அச்சுக்கோத்தது. பையன் ஒவ்வொரு கொம்பாகப் பிடித்து இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது, அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.

"மூன்றாம் வரியைத் திருத்தாதே," என்றார். "அந்தப் பிழை குறிமாற்றியினுடையதன்று, அன்று நான் செய்தது. உன் தாத்தா பெயரில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். ஐந்நூறு படி அச்சான பிறகுதான் பார்த்தோம்."